கழித்தால் கிடைக்கும் எண்

ஒவ்வொரு நவம்பரிலும் பெரியப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போவது சில ஆண்டுகளாக என் பொறுப்பு. ராணுவப் பென்ஷன் வாங்குகிறவர் ஆண்டுக்கு ஒருமுறை தாம் உயிரோடிருப்பதைத் தெரிவிக்க வேண்டும். ஆதார் எண்ணைச் சொல்லி விரல் வைத்து, இயந்திரம் ஏற்றுக்கொண்டால் உயிர்ச்சான்று பதிவாகிவிடும். பெரியப்பாவின் கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோயிருக்கிறது. ஓய்வுக்குப் பின் மண்வெட்டி பிடித்ததாலா, அதற்கு முன் இருபத்து நான்கு வருடம் கம்பியும் கருவியுமாகப் புழங்கியதாலா, தெரியாது. விரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்பார். கடைசியில் ஏதோ ஒரு விரல் ஒத்துக்கொள்ளும். அதுவரை நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பார். முதுகு நாற்காலியில் சாயாது.

போகிற வழியில், ஏரிக்கரை திரும்பும் முனையில், புங்கமரத்தடியில் ஒரு கல்பலகை இருக்கிறது. பழைய வட ஆர்க்காட்டுப் பகுதியில் இதுபோன்ற பலகைகளைப் பார்த்தவர்கள் இருப்பார்கள். முதல் உலகப்போர் முடிந்ததும் ஆங்கில அரசாங்கம் ஆள் கொடுத்த ஊர்களில் வைத்தது. ஆங்கிலத்தில் இரண்டே செய்திகள். இந்த ஊரிலிருந்து 1914–1919 போருக்கு இத்தனை பேர் போனார்கள். அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள். எல்லா ஊருக்கும் ஒரே வாசகம்தான், எண்கள் மட்டும் மாறும். பெயர் ஒன்றுகூட இல்லை.

பள்ளிக்கூட நாட்களில் அந்தப் பலகைமேல் புத்தகப்பையை வைத்துவிட்டுப் புங்கங்காய் பொறுக்கியிருக்கிறேன். அது என்ன சொல்கிறது என்பதைவிட என்ன சொல்லவில்லை என்பது நாற்பது வயதுக்குப் பிறகுதான் உறைத்தது. போனவர் கணக்கு இருக்கிறது, இறந்தவர் கணக்கு இருக்கிறது. திரும்பி வந்தவர் எத்தனை பேர் என்று தெரிய வேண்டுமானால் நாமே கழித்துப் பார்க்க வேண்டும். அந்தப் போருக்கு இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். இறந்தவர்கள் சுமார் 74,000 பேர். பெரும்பாலானவர்கள் மெசபடோமியாவிலிருந்தும் பிரான்ஸிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் ஊருக்குத் திரும்பி வந்து, கலப்பை பிடித்து, பிள்ளை பெற்று, மூப்பில் இறந்தார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். பஸ்ரா போய் வந்த ஒரு கொள்ளுத்தாத்தாவை ‘பஸ்ராக்காரர்’ என்று சொல்வார்களாம். அங்கே அவர் என்ன பார்த்தார் என்று கேட்டால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

இறந்த வீரனை நினைவில் நிறுத்துவதில் நம்மைப்போல் முறை வகுத்துக்கொண்டவர்கள் குறைவு. தொல்காப்பியம் அதை ஆறு படியாகச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதுவரை ஒன்றையும் விடவில்லை. செங்கம் வட்டாரத்தில் கிடைத்த பல்லவர் கால நடுகற்களைப் பார்த்தால், எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய சேவகன், எந்த ஊர் மாடுகளை மீட்கப்போய்ப் பட்டான் என்பதெல்லாம் வெட்டப்பட்டிருக்கும். எடுத்தனூர்க் கல்லில் ஒரு நாயின் பெயர்கூட இருக்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர். எசமானன் விழுந்த இடத்தில் கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது. ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஒரு நாய் காட்டிய விசுவாசத்தை ஊர் மறக்கவில்லை. அந்தக் கல்லின் முன் நான் நெடுநேரம் நின்றிருக்கிறேன். பெருமையாக இருந்தது. பட்டவன் குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாதென்று உதிரப்பட்டி என்று நிலம் விட்ட வழக்கமும் நம் கல்வெட்டுகளில் உண்டு.

அதே மாடுபிடிச் சண்டைக்குப் போய், மாட்டை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தவனுக்கு என்ன செய்தார்கள்? அவனையும் இலக்கணம் கைவிடவில்லை. பாதீடு என்றொரு துறை உண்டு. கொண்டுவந்த ஆநிரையைப் பங்கிட்டுக் கொடுப்பது. உண்டாட்டு என்றொரு துறை உண்டு. மீண்டவர்கள் கூடிக் கள்ளுண்டு மகிழ்வது. அந்த முற்றத்தில் கள் மட்டுமா ஊற்றியிருப்பார்கள்? யார் எங்கே நின்றான், யார் கையில் யார் உயிர் போனது, திரும்பும் வழியில் யாருக்குக் கால் நடுங்கியது என்று பேச்சும் நடந்திருக்கும். உண்டாட்டின் உயிர் அந்தப் பேச்சில்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் நடுகல்லை வெவ்வேறு வடிவில் காப்பாற்றி வைத்துக்கொண்டோம். அந்த முற்றத்தை எங்கோ தொலைத்துவிட்டோம்.

எங்கள் பக்கத்துக்குப் பட்டாளம் புதிதில்லை. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அங்கே பட்டாளத்து ஆள் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். எங்கள் ஊர் அவ்வளவு பேர் பெற்றதில்லை, ஆனாலும் தெருவுக்கு நாலு பேர் போனார்கள். மழை பொய்த்த வருடங்களில் கூடுதலாகப் போனார்கள். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை. தேசபக்தி மட்டுமே ஆளனுப்பியது என்று சொன்னால் அது அவர்களுடைய தாய்மார்களுக்குச் செய்யும் அநியாயம். மூன்று ஏக்கர் மானாவாரியும் நான்கு தங்கைகளும் இருந்த வீட்டிலிருந்து பெரியப்பா 1976இல் பத்தொன்பது வயதில் போனார். தங்கைகளுக்குத் திருமணம் ஆயிற்று. அதன் விலையை அவர் எங்கெங்கோ செலுத்திக்கொண்டிருந்தார்.

லீவில் வரும்போது கறுப்பு ட்ரங்குப் பெட்டி முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். பெட்டிமேல் வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் ஆர்மி நம்பரும் எழுதியிருக்கும். காஷ்மீரில் இருந்தபோது வாதுமையும் கம்பளிச் சட்டையும் வந்தன. 1989 கடைசியில் வந்தபோது பெட்டியிலிருந்து பனையோலைக் குட்டான்கள் வந்தன. உள்ளங்கை அளவு ஓலைக் கூட்டுக்குள் பனங்கட்டி. நாங்கள் பிள்ளைகள் சண்டை போட்டுத் தின்றோம். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். “யாழ்ப்பாணம்” என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இந்தியப் படை இலங்கையில் இருந்த அந்த இரண்டரை ஆண்டுகளைப் பற்றிப் பேசாமல் தமிழ்நாட்டில் முன்னாள் படைவீரரைக் கௌரவிப்பதைப் பற்றிப் பேசுவது நேர்மையாக இருக்காது. 1987 ஜூலை 29 அன்று இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அமைதி காக்கும் படை என்ற பெயரில் போனவர்கள் அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கினார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் இரவில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கிய காலாட்படைப் பிரிவின் முப்பது பேரில் ஒருவர்தான் உயிர் பிழைத்தார். அதே மாதம் 21ஆம் தேதி யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த இந்தியப் படையினர் நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டுக் கொன்றார்கள். 1990 மார்ச் 24ஆம் தேதி கடைசிக் கப்பல் புறப்பட்டபோது இந்தியத் தரப்பில் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,200 பேர். இறந்த தமிழ் மக்களின் பெயர்களை ஒரே இடத்தில் பொறித்த பலகை எதையும் நான் பார்த்ததில்லை. திரும்பிய படையை வரவேற்கத் தமிழக முதல்வர் மு. கருணாநிதி செல்லவில்லை. தமிழர்மேல் கைவைத்த படையை எப்படி வரவேற்பது என்ற அந்த எண்ணத்தில் அன்று தமிழ்நாட்டில் பாதிக்கு மேல் அவரோடுதான் இருந்திருக்கும். என் வீட்டிலும் அப்படி நினைத்தவர்கள் இருந்தார்கள். அந்த நினைப்பில் இருந்த வலியை நான் இன்றும் மதிக்கிறேன்.

பெரியப்பா அந்தக் கடைசிக் கப்பலுக்குச் சில மாதங்கள் முன்பே வந்துவிட்டவர். சிக்னல்ஸில் நாயக். தமிழ் தெரிந்தவர் என்பதால் ரோந்துக்கும் சோதனைக்கும் மொழிபெயர்க்கக் கூட்டிப் போவார்களாம். அவருடைய தாய்மொழி அங்கே படைக்கு ஒரு கருவி. இந்தியில் வரும் கேள்வியைத் தமிழில் கேட்டு, தமிழில் வரும் அழுகையை இந்தியில் சொல்ல வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரிந்தது போன வருடம்தான். முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒரே வீட்டு முற்றத்தில் பொங்கல் வைத்திருக்கிறோம்.

ஊரில் அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. வந்த மாதமே டீக்கடையில் ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்டார்: “எத்தன தமிழன சுட்டே?” பெரியப்பா கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதன்பிறகு அந்தக் கடைக்குப் போகவில்லை. பத்து வருடம் கழித்து, கார்கில் சண்டை நடந்த கோடையில், ஊர் இளைஞர்கள் ஆசையோடு சூழ்ந்துகொண்டு கேட்டார்கள்: “நீங்க எத்தன பேர சுட்டிருக்கீங்க அண்ணே?” ஒருவர் வெறுப்பில் கேட்டார், இவர்கள் பெருமையில் கேட்டார்கள். இரண்டு தரப்புக்கும் வேண்டியிருந்தது எண்தான். புங்கமரத்தடிப் பலகையும் எண்ணைத்தான் சொல்கிறது.

2000இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றபோது அவருக்கு நாற்பத்து மூன்று. வெளியே இருப்பவர்களுக்கு இது எளிதில் பிடிபடாது. நம் வீடுகளில் ஓய்வு என்றால் அறுபது வயது, பேரன், ஈஸிசேர். சிப்பாய் பதினைந்து, பதினேழு வருடத்தில் வெளியே வந்துவிடுகிறான். முப்பத்தைந்தில், மூத்த பிள்ளை நாலாம் வகுப்பு படிக்கும்போது, இன்னொரு பிழைப்பைத் தொடங்க வேண்டும். இருபது வருடம் ஆணைக்குப் பழகிய உடம்பு, திடீரென்று யாரும் ஆணையிடாத காலையில் விழித்துக்கொள்கிறது. பெரியப்பா ஒரு வங்கிக்கிளையில் துப்பாக்கிக் காவலராகப் பன்னிரண்டு வருடம் நின்றார். பிற்பாடு தனியார் செக்யூரிட்டி. வாசலில் நிமிர்ந்து நிற்கும் நீலச்சட்டைக்காரர்களில் எத்தனையோ பேர் சியாச்சினில் மூச்சுக்குத் திணறியவர்கள். நாம் டோக்கன் எண்ணைத்தான் அவர்களிடம் கேட்கிறோம்.

அரசு எதுவும் செய்யவில்லை என்று எழுதினால் அது பொய். மாவட்டந்தோறும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. 2003 முதல் மருத்துவத் திட்டம் இருக்கிறது, கேண்டீன் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கல்வி உதவி இருக்கிறது. தொழில் தொடங்க மானியத்தோடு ஒரு கோடி ரூபாய் வரை கடன் தரும் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தைத் தமிழக அரசு 2025இல் தொடங்கியிருக்கிறது. ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்பதை 2015இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. அதற்காக மார்பில் பதக்கங்களோடு முதியவர்கள் தில்லி ஜந்தர் மந்தரில் மாதக்கணக்கில் உட்கார வேண்டியிருந்ததையும், அந்த ஆண்டு சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் போலீஸ் அவர்களை அப்புறப்படுத்த முயன்றதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். பள்ளியில் டிசம்பர் 7ஆம் தேதி சட்டையில் குண்டூசியால் கொடி குத்திவிட்டு நாலணா வாங்குவார்கள். அந்தக் காசு எங்கள் வீட்டுப் பெரியப்பா போன்றவர்களுக்கானது என்று எந்த வகுப்பிலும் சொல்லிக் கேட்ட நினைவில்லை. முன்னாள் படைவீரர் தினம் ஜனவரி 14. ஜெனரல் கரியப்பா 1953இல் ஓய்வு பெற்ற நாள். நமக்கு அது போகியாகவோ பொங்கலாகவோ வந்துவிடும். தெருவெல்லாம் கோலம் போடுகிற காலையில் அதை யாரும் அறிவதில்லை. என் மனசுக்கு அது பொருத்தமான நாளாகவே படுகிறது. பெரியவர்களைத் தேடிப்போய்ப் பார்க்கிற நாட்கள்தானே அவை?

எந்தப் போர் என்று பார்த்துத்தான் நன்றி சொல்ல வேண்டுமா? நம் ஊர்களுக்கு இந்தச் சிக்கல் 1946இலேயே வந்தது. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள், பெண்கள் உட்பட, நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். அதே பர்மா எல்லையில் ஆங்கிலேயனின் சீருடையில் இன்னொரு தமிழன் நின்றான். 1944இல் எதிரெதிரே நின்ற இருவரும் பிற்பாடு ஒரே தாலுகாவுக்குத் திரும்பியிருக்கலாம். ஒருவருக்குப் பென்ஷன் வந்திருக்கலாம். மற்றவர் சுதந்திர இந்தியாவின் ராணுவத்தில் சேர்க்கப்படவில்லை. மத்திய அரசின் தியாகி ஓய்வூதியத்துக்கு 1972 வரை காத்திருக்க நேர்ந்தது. போர் சரியா தவறா என்பது தில்லியிலும் லண்டனிலும் முடிவான விஷயம். அதைப் பற்றி நாம் கடுமையாகவே வாதிட வேண்டும். யாழ்ப்பாண மருத்துவமனையில் சுட்ட கைகளுக்குக் கணக்குக் கேட்க வேண்டும். ஆனால் போய்விட்டுத் திரும்பி நம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவன், அந்த வாதம் முடியும்வரை காத்திருக்கப்போவதில்லை. அவனுக்கு வயதாகிறது.

சென்னை சாலிகிராமத்தில் பரமேஸ்வரன் விகார் என்றொரு ராணுவக் குடியிருப்பு உண்டு. 1987 நவம்பரில் இலங்கையில் உயிரிழந்து, பரம்வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர். கொழும்பை அடுத்த ஸ்ரீ ஜெயவர்தனபுர கோட்டேயில் அமைதிப் படையினருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. 2019இல் திறந்த தில்லி தேசியப் போர் நினைவிடத்திலும் அவர்கள் பெயர்கள் இருக்கின்றன. அந்தக் கற்கள் எல்லாம் வேண்டும், இன்னும் வேண்டும். முகுந்த் வரதராஜனைப் பற்றிய ‘அமரன்’ படம் பார்த்துத் தியேட்டரே அழுதது. நானும் அழுதேன். வெளியே வந்தபோது, வண்டிகளை ஒழுங்குபடுத்தி விசில் ஊதிக்கொண்டிருந்த முதியவரின் சட்டைப்பைமேல் ‘எக்ஸ் சர்வீஸ்மேன்’ என்று ஒரு வில்லை இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே அவரைக் கடந்து போனோம். எத்தனை பேர் அதைப் படித்திருப்போம்? நான் வண்டியைக் கிளப்பி மேம்பாலம் ஏறிய பிறகுதான் திரும்பிப் போக வேண்டும் என்று தோன்றியது. போகவில்லை. அந்த உறுத்தல்தான் பெரியப்பாவிடம் என்னைக் கொண்டு சேர்த்தது.

இன்னொரு கவலையும் இருக்கிறது. 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு வருடம் முடித்ததும் நால்வரில் மூவர் வெளியே வந்துவிடுவார்கள். பென்ஷன் கிடையாது. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் திரும்பி வருகிறவன் தாத்தா மாதிரி இருக்க மாட்டான். பைக் ஓட்டிக்கொண்டு, நண்பர்களோடு சுற்றிக்கொண்டு, பார்வைக்கு எல்லாரையும்போல இருப்பான். அவன் எதையாவது பார்த்துவிட்டு வந்திருப்பான் என்றே ஊருக்குத் தோன்றாது. அவனிடம் கேட்கவும் நாம் பழகிக்கொள்ள வேண்டும்.

கேட்பது எளிதாக இல்லை. போன நவம்பரில் இ-சேவை மையத்தில் சர்வர் படுத்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். என்ன கேட்பது என்று தெரியாமல், அங்கே சாப்பாடு எப்படி இருந்தது என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முகாமில் பருப்பு வேகாததைப் பற்றிச் சொன்னார். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரித்ததைச் சொன்னார். பனைமரங்களைப் பார்த்ததும் முதல் நாள் நம் ஊருக்கு வந்துவிட்டதாகவே தோன்றியது என்றார். வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது அவராகவே தொடங்கினார்.

“ஒரு நாள் செக்கிங் போனோம். ஒரு வீடு. வயசான அம்மா, தனியா. வீட்டெல்லாம் கொட்டிக் கவுத்துப் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. வெளிய வரச்சே அந்தம்மா எங்கிட்ட மட்டும் கிட்ட வந்து கேட்டாங்க: ‘எந்த ஊர் மோனை?’னு. எனக்கு அந்த வார்த்தை புரியல. பள்ளிக்கூடத்துல எதுகை மோனை படிச்சதுதான் தெரியும். சாப் என்ன சொல்றாங்கன்னு கேட்டார். ‘குச் நஹீ சாப்’னு சொல்லிட்டேன். ஒண்ணுமில்லேன்னு.”

செருப்பைச் சுவரோரம் ஜோடியாக வைத்தார்.

“அப்புறம் ஒரு கடைக்காரர் சொன்னார். மோனைன்னா மகனேன்னு அர்த்தமாம்.”

“நீங்க அந்தம்மாவுக்கு என்ன பதில் சொன்னீங்க பெரியப்பா?”

“எங்க சொல்றது. வண்டி கெளம்பிடுச்சு.” கொஞ்ச நேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வேலூர்ப் பக்கம்னு சொல்லியிருக்கலாம். அதுக்கு என்ன, சொல்லியிருக்கலாம்.”

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. பெரியம்மா ஈரக் கையோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார்.

“எந்த வருசம் இது?” என்றார்.

“எண்பத்தெட்டு. மாசி மாசம்.”

பெரியம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “அப்புறம்?” என்றார்.